சோவே மலைச்சரிவின் திராட்சைப் பந்தல்

இத்தாலி நாட்டின் வடகிழக்கில், வெரோனா நகருக்குக் கிழக்கே, சோவே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கு விளையும் வெள்ளைத் திராட்சை மதுவுக்கும் அதே பெயர்தான். அந்த மதுவுக்குப் பின்னால் உள்ள உழைப்பையும், அந்த உழைப்புக்கு விலை கிடைக்கும் வழியையும் இன்று பார்ப்போம்.

சோவே மதுவில் நூற்றுக்கு 70 பங்காவது கர்கானேகா என்னும் திராட்சை இருக்க வேண்டும். பழைய எரிமலைக் கற்கள் மண்ணாகிப்போன செங்குத்தான சரிவுகளில் அது நன்கு விளைகிறது. ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிடுகிறார்கள். இலைகளின் நிழலில் குலைகள் தொங்குவதால் கடும் வெயில் பழத்தைச் சுடுவதில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்வார்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பந்தலுக்குக் கீழே நின்று குலை குலையாகக் கையால் வெட்டுவார்கள்.

பழத்தை நசுக்கிப் பிழிந்ததும் தோலை உடனே நீக்கிவிடுகிறார்கள். பிறகு சாற்றைக் குளிர்ச்சியான தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சூடு மிகுந்தால் மணம் போய்விடும்.

நல்ல குலைகளைத் தனியே எடுத்து, குளிர்காலம் வரை காற்றில் உலர்த்தி, ரெச்சோத்தோ என்னும் இனிப்பு மதுவும் செய்கிறார்கள். வெரோனாவில் பழத்தை உலர்த்தி மது செய்யும் வழக்கத்தைக் காசியோடோரஸ் என்னும் அரசு அதிகாரி 6ஆம் நூற்றாண்டிலேயே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் சரிவில் இயந்திரம் ஏறாது. சமவெளியிலோ குறைந்த செலவில் நிறைய விளையும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், மலிவு விலை சரிவுக் குடும்பத்தின் கூலியைத் தின்றுவிடும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் சோவே என்ற பெயருக்கு உரிய நிலம், திராட்சை, விளைச்சல் அளவு ஆகியவற்றை வரையறுத்தது. பழைய மலைப்பகுதி மதுவுக்கு மட்டும் 'கிளாசிகோ' என்ற அடைமொழி உண்டு. 2018இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இந்தத் தோட்டங்களை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1898இல், அங்கே கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. வெட்டிய பழம் காத்திருக்காது. பிழியும் பொறியும் தொட்டியும் இல்லாத ஏழை விவசாயிக்கு, வாங்குபவர் சொன்னதே விலை. பலர் சேர்ந்து பொறியும் தொட்டியும் வாங்கினால் பழம் அவர்கள் கையிலேயே மதுவாகும். விலை பேசவும் வலிமை வரும். தனித்தனிக் கொடிகளையும் தாங்கி நிற்பது ஒரே பந்தல்தானே!