அலுமாரிக்குள் இருந்த சிங்கம்



பள்ளியில் வாசித்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கில டீச்சர் ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லித் தந்த ஒரு கதையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த முதல் நார்னியாக் கதை அது. நான்கு பிள்ளைகள் ஓர் அலுமாரிக்குள் புகுந்து, பனி ஓயாத நாட்டுக்குப் போவார்கள். பனியை எங்களில் ஒருத்தியும் கண்டதில்லை. தறிக்கு வரும் வெள்ளை நூலைத்தான் நினைத்துக்கொண்டோம்.

அங்கே அஸ்லான் என்றொரு சிங்கம். துரோகம் செய்த சிறுவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்து, மறுநாள் விடியலில் எழுந்து வருகிறது. அழுதோம், பிறகு கைதட்டினோம். கிறிஸ்தவர்கள் ஈஸா நபியைப் பற்றிக் கொண்ட நம்பிக்கையே அதில் சிங்கமாக வருகிறது என்று டீச்சர் பின்னர் சொன்னபோது, சிலருக்குக் கோபம் வந்தது. ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்றல்லவா மத்ரஸாவில் படித்திருந்தோம்!

இன்னொரு மனக்குறையும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். 1954இல் வந்த கதையில் தலைப்பாகையும் வளைந்த வாளுமாக வரும் காலோர்மென் நாட்டார் பெரும்பாலும் கொடியவர்கள். அது யாருடைய சாயல் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அஸ்லான் என்பதே துருக்கிச் சொல், சிங்கம் என்று பொருள். ஆயிரத்தொரு இரவுகளுக்கு லேன் எழுதிய குறிப்புகளில் அதைக் கண்டதாக லூயிஸே சொல்லியிருக்கிறார். 1956இல் வந்த கடைசி நூலில் எமெத் என்ற காலோர்மென் இளைஞனை, வேறு தெய்வத்தை மனமாரத் தேடியவனை, அஸ்லான் தள்ளிவிடவில்லை. எமெத் என்றால் எபிரேய மொழியில் உண்மை. நாம் சொல்லும் ஆமீனுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான்.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அந்தக் காலை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் உம்மாவைக் கடல் கொண்டுபோனது. வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் "அழாதே, சபூர் செய்" என்றார்கள். அவளும் அழவில்லை. மாதக்கணக்கில் பேசவும் இல்லை.

டீச்சர் அவளுக்கு 1955இல் வந்த நார்னியாக் கதையைக் கொடுத்தார். அதில் டிகரி என்ற சிறுவனின் தாய் சாகக் கிடக்கிறாள். அவளைக் காப்பாற்றும்படி சிங்கத்திடம் கேட்டுவிட்டு, பயந்து பயந்து முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். சிங்கத்தின் கண்களில் இவனுடையதைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகள். லூயிஸ் 1908இல், ஒன்பது வயதில், தாயை இழந்தவர். கதையில் மட்டும் ஓர் ஆப்பிள் அந்தத் தாயைப் பிழைக்க வைக்கிறது.

"ஆப்பிள் எனக்கு வேண்டாம்," என்றாள் எங்கள் தோழி. "மௌத்தானவர் திரும்ப வரமாட்டார் என்று தெரியும். மறுமை உண்டென்றும் தெரியும். ஆனால் அழலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே." நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்றாஹீம் மௌத்தானபோது அழுததை அவளே எங்களுக்கு நினைவூட்டினாள். அன்றுதான் அவள் அழுதாள், நாங்களும்தான்.

இப்போது அவளும் ஒரு டீச்சர். அந்தக் கதையை ஆறாம் வகுப்புக்கு வாசிக்கிறாள். ஆப்பிள் வரும் இடத்தை வேகமாகக் கடந்துவிடுவாளாம். சிங்கத்தின் கண்ணீர் வரும்போது மட்டும் புத்தகத்தை மேசையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்வாளாம்.