நோயை மறைக்காதீர், மருந்தை நிறுத்தாதீர்
(திருவண்ணாமலை ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இல்லங்களிலிருந்து இதனை வாசிக்கும் தாய்மார்களே! நோயும் நிவாரணமும் அல்லாஹ்வின் புறத்திலிருந்தே வருகின்றன. ஆயினும், மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்களே. ஆகவே, மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று. இன்று காசநோய் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். ஏனெனில், மருந்தில்லாமையைக் காட்டிலும் மறைத்து வைப்பதாலும் பாதியில் நிறுத்துவதாலுமே இந்நோய் நம் மக்களை மிகுதியாக வாட்டுகிறது.

நமது ஊர் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் வந்து செல்லும் ஊர். பேருந்து நிலையத்திலும் கிரிவலப் பாதையிலும் கடை வைத்துப் பிழைப்போர், ஆரணியில் பட்டு நெய்வோர், வந்தவாசியில் பாய் பின்னுவோர் எனப் பலரும் இருமல் வந்தால் தூசியின் மீதோ புகையின் மீதோ பழியைப் போட்டுவிடுவார்கள். “உடம்புச் சூடு, தானே சரியாகிவிடும்” என்று கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். இந்நோயிலிருந்து மீண்டவர்கள் பலரும் தம் அனுபவமாகக் கூறுவதும் இதுவே. நோய் வந்த நாளும் நோயென்று அறிந்த நாளும் அவர்களுக்கு ஒன்றாக இருப்பதில்லை. இடையில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அம்மாதங்களில் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கிருமி காற்றின் வழியே சென்றடைகின்றது.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் வரும் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சளிப் பரிசோதனைக்கோ மருத்துவரிடமோ செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இந்நோய் நுரையீரலோடு நிற்பதுமன்று. நடிகர் அமிதாப் பச்சன் 2000ஆம் ஆண்டில் முதுகுத்தண்டில் காசநோய்க்கு ஆளானார். முதுகுவலிதான் என எண்ணியிருந்ததை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். மருந்தை முழுமையாக உட்கொண்டு குணமடைந்தார். செல்வமும் புகழும் உடைய ஒருவர் “எனக்கும் வந்தது” என்று சொல்ல வெட்கப்படவில்லை; நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒரு காலத்தில் இந்நோய்க்கு மருந்தே இல்லை. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி புதுமைப்பித்தன் 1948இல் இந்நோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. அதன் பின்னர் நிலைமை மாறியதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். மற்றவர் தம் நெரிசலான வீடுகளிலிருந்தே மருந்துண்டனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. நோயாளியை வீட்டைவிட்டு விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. மருந்து தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குப் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. உண்ணும் தட்டினாலோ கைகுலுக்குவதாலோ இது பரவுவதுமில்லை.

சகோதரர்களே! அறிந்த பின்னரும் ஒரு சோதனை உண்டு. பெரும்பாலோருக்குச் சிகிச்சைக் காலம் ஆறு மாதங்கள். ஆனால், இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, பசியெடுத்து, எடையும் கூடத் தொடங்கலாம். “குணமாகிவிட்டது” என்று அப்போது மருந்தை நிறுத்துபவர் பலர். உள்ளே எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகத் திரும்பி வரக்கூடும். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. அது மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று. கண் மஞ்சளானாலோ வாந்தி தொடர்ந்தாலோ அன்றே மருத்துவரிடம் கூறுங்கள்.

ரமளான் மாதத்தில் நோன்புக்காக மாத்திரையை விடுவோரும் நம்மிடையே உள்ளனர். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளத் திருக்குர்ஆன் சலுகை வழங்கியுள்ளது. நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எந்நேரத்தில் உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாமென்றால், அச்சலுகையை ஏற்பதும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலே.

பெண்மக்களின் நோயைத் திருமணம் தடைப்படும் என்றஞ்சி மறைக்கும் பெற்றோர்களே! ஆறு மாதச் சிகிச்சையைவிட மறைத்த நோய் மகளுக்குப் பெருங்கேடு. முழுமையாகக் குணமடைந்தவரைக் குறைகூறுவது நமது அறியாமை. சம்பந்தம் பேசுவோரும் இதனை உணர வேண்டும்.

ஐயூப் (அலை) அவர்கள் நோயில் பொறுமை காத்தார்கள். தம் துன்பத்தை இறைவனிடம் மறைக்காமல் முறையிடவும் செய்தார்கள். பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. ஆறு மாதமும் ஒரு நாளும் தவறாமல் மாத்திரையை விழுங்குவதும் பொறுமையே. நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள கடமை. விசாரிக்கச் செல்லும்போது முட்டையோ பருப்போ கொண்டு செல்லுங்கள், “இன்று மாத்திரை போட்டீர்களா?” என்றும் அன்போடு கேளுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.