சிற்றுருப் போர்வண்டிகள்

மண்ணாலும் மரத்தாலும் சிறு வண்டி செய்து உருட்டி விளையாடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஆண்பாற் பிள்ளையின் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேரை வைத்தனர். தேர் என்பது இன்று கோயில் வீதியில் உலா வருவது. அன்றோ அது நால்வகைப் படையுள் ஒன்று, களத்திற் குருதி தோய்ந்து திரும்பியது. எனவே போர்வண்டியைச் சிறுவர் கைக்கு ஏற்றபடி குறுக்கிக் கொடுத்த முதல் நாகரிகம் மேனாட்டு நாகரிகம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

ஆயினும் இன்று கடைகளிற் காணப்படும் பிளாஸ்ரிக் மாதிரிப் பெட்டி மேனாட்டிற் பிறந்ததே. ஹங்கேரியிலிருந்து குடிபெயர்ந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், முதலில் சீப்பும் விளையாட்டுப் பொருளும் வார்த்தது. அந்நிறுவனம் முதன்முதலிற் செய்த மாதிரி போர்க்கருவி அன்று. பெர்குசன் உழவு இயந்திரம். வயலில் ஓடும் வண்டியிலிருந்து களத்தில் ஓடும் வண்டிக்கு அது வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1960களின் தொடக்கத்திலேதான் ஷேர்மன், சேர்ச்சில், பாந்தர் முதலிய தாங்கிகள் சிறிய பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக்கு எட்டும் விலையில் விற்பனைக்கு வந்தன.

பெட்டியைத் திறந்தால் வண்டி இராது. சட்டமொன்றிற் கோத்தபடி சக்கரமும் தகடும் குழலுமாக நாற்பது, ஐம்பது, சிலவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புக்கள் இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்து, பசையிட்டுச் சேர்த்து, வர்ணம் பூசி முடிப்பது கட்டுவோன் பொறுப்பு. கட்டுவதற்குப் பொறுமை வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். எதைக் கட்டுவது என்று தேர்வதற்கும் அதே பொறுமை வேண்டும் என்பதைப் பலர் இரண்டு மூன்று பெட்டிகளை வீணாக்கிய பின்னரே அறிகின்றனர்.

முதலில் நோக்க வேண்டியது அளவு. சிறிய அளவுகளுள் 1/76, 1/72 என இரண்டு வழங்குகின்றன. முன்னையது பிரித்தானிய விளையாட்டு இரயிலின் அளவு. ஓர் அடியை நான்கு மில்லிமீற்றராகக் குறுக்குவது. பின்னையது விமான மாதிரிகளின் அளவு. ஆறடியை ஓர் அங்குலமாக்குவது. ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமுள்ள ஷேர்மன் தாங்கியின் உடல் 1/76இல் எட்டுச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், 1/72இல் சற்று மிகுதியாகவும் அமையும். வேறுபாடு நான்கு மில்லிமீற்றரே. அற்பம் என்று தோன்றும். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே நிறுத்தி நடுவே ஒரு வீரனை வைத்தால், அவன் ஒரு வண்டிக்கு அண்ணனாகவும் மற்றதற்குத் தம்பியாகவும் நிற்பான். ஆகையால் தொடங்கும்போதே ஓர் அளவைத் தேர்ந்து அதில் நிற்றல் நன்று.

யப்பானியரின் 1/35 அளவு வேறு வகை. தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்திற் பாந்தர் தாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும் உடல் எவ்வளவு பெரிதோ அதுவே அளவாயிற்று. கணக்கிற் பிறவாது மின்கலத்திற் பிறந்த அந்தப் பின்னம் பின்னர் உலக வழக்காகிவிட்டது. அந்த அளவில் ஷேர்மன் பதினாறு சென்ரிமீற்றரைத் தாண்டும். அழகுதான், ஆனால் சிறிய வீட்டில், ஒரே அலுமாரியில், புத்தகமும் பாத்திரமும் போக எஞ்சும் இடத்தில், அத்தகைய நான்கு வண்டிகளுக்கு மேல் நிறுத்த இயலாது. சிற்றளவு வறியவர்க்கும் இடமற்றவர்க்கும் உரிய அளவு. அதில் இழிவொன்றும் இல்லை.

இரண்டாவது நோக்க வேண்டியது சக்கரமா சங்கிலியா என்பது. சங்கிலிப் பட்டையில் ஓடும் தாங்கிக்கு ஒரே வகைச் சக்கரம் இருபதும் அதற்கு மேலும் இருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டித் தேய்த்து வர்ணமிடுவதற்குள் புதியவர் சலித்துப் போவர். ஜீப்பு, லொறி, கவசக்கார் போன்ற சக்கர வண்டி முதற்பெட்டிக்குத் தக்கது. சங்கிலியே வேண்டுமென்பவர் பட்டை எதனாற் செய்யப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பெட்டிகளில் அது இளகிய இறப்பர் போன்ற வளையமாக வரும்; மாட்டுவது எளிது. ஆனால் வெப்பநாட்டில் ஆண்டுகள் செல்லச் செல்ல, அவ்வகைப் பட்டைகளுட் சில தாம் தொட்டிருக்கும் சக்கரத்தையே கரைத்துவிடும். வர்ணம் பூசாத பிளாஸ்ரிக்கை அது தொடாதபடி காத்தல் வேண்டும். புதிய பெட்டிகளிற் கடினப் பட்டை துண்டு துண்டாக வரும்; ஒட்டுவதற்கு வேலை மிகுதி, ஆயுளும் மிகுதி.

பெட்டியின் மேலட்டைப் படத்தை நம்புதல் கூடாது. படத்தில் தீயும் புகையும் எழும். உள்ளே 1960களில் வெட்டிய அச்சில் வார்த்த உறுப்புக்கள் இருக்கக்கூடும். பழைய அச்சே புதிய அட்டையில் மீண்டும் மீண்டும் வருவது இத்தொழிலில் வழக்கம். பழைய அச்சு தேய்ந்திருந்தால் உறுப்பின் ஓரத்திற் பிளாஸ்ரிக் மெல்லிய சவ்வாகப் படர்ந்திருக்கும். கட்டிப் பழகுவதற்கு அத்தகைய மலிவுப் பெட்டி போதும். நுணுக்கம் தேடுபவர் அச்சு வெட்டிய ஆண்டை விசாரித்தே வாங்குவர்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இத்தொழிலைச் செய்பவருக்கு ஊரின் காற்றும் ஒரு பாடம் கற்பிக்கும். மாரி பிறந்து வாடை வீசும் காலத்தில் காற்றின் ஈரம் பசையையும் வர்ணத்தையும் தாக்கும். மேற்பூச்சாக இடும் மினுக்கெண்ணெய் தெளிவாக உலராமல் பால்போல் வெளுத்துவிடும். நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள் பெட்டிக்குள்ளேயே மஞ்சளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களோ வர்ணம் பூசுவதற்கு ஏற்றவை. ஆனால் அக்காற்றுக் கொணரும் புழுதி ஈரமான பூச்சில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் வெட்டி ஒட்டி, கச்சானில், அதுவும் காற்றுத் தணிந்த காலை வேளையில், வர்ணம் பூசுவது என்று ஆண்டைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. உழவன் பருவம் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இவை யாவும் கைத்தொழில் சார்ந்தவை. வாவியின் இருமருங்கும் வாழ்வோர்க்குத் தேர்வு இவற்றோடு முடிவதில்லை.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நடுவயதைக் கடந்த எவரும் கவச வண்டியைப் படத்திற் கண்டவரல்லர். தம் வீதியிற் கண்டவர். இலங்கைப் படையின் கவசப் பிரிவு 1955ஆம் ஆண்டில் தோன்றியது. பிரித்தானியாவிலிருந்து வந்த ஃபெரட், சலாதீன், சரசன் ஆகிய வண்டிகளும், தென்னாபிரிக்காவின் பஃபலும், 1991ஆம் ஆண்டு முதல் ரி-55 தாங்கியும் அப்படையிற் சேர்ந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், கிழக்கில் அது 2007இல் ஓயும் வரை, இவ்வண்டிகளின் இரைச்சலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டே பலர் அன்றைய பயணத்தைத் தீர்மானித்தனர். இவற்றுட் சிலவற்றுக்கு இன்று சிற்றளவுப் பெட்டிகள் உண்டு. சலாதீனும் சரசனும் 1/76இல் வந்தன. ரி-55ஐ 1/72இற் பல நிறுவனங்கள் வெளியிட்டுள்ளன. பின்னதன் முதற் சக்கரத்துக்கும் இரண்டாம் சக்கரத்துக்கும் இடையே மட்டும் இடைவெளி மிகுதி. அதைச் சரியாகக் காட்டுகிறதா என்பதே அப்பெட்டியின் முதற்சோதனை என்பர் நுண்ணறிவாளர்.

போருக்குப் பின் பிறந்த சிறுவன் ஒருவன் அத்தகைய பெட்டியொன்றை மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொண்டால், அவனுடைய அம்மம்மா அதை எப்படிப் பார்ப்பார்? அவன் சக்கரங்களுக்கிடையிலான இடைவெளியை எண்ணுகிறான். அவர் எண்ணுவது வேறு. சிலர் இத்தகைய பொருள் வீட்டினுள் வரவே கூடாது என்பர். வேறு சிலர், விளையாட்டுப் பொருளுக்கு நினைவேது, பிள்ளையின் கைத்திறனைக் கெடுக்கலாகாது என்பர். முதற்கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் மறைத்த பொருள் மறக்கப்படுவதில்லை. இரண்டாவது கூற்று எளிதாகத் தோன்றினும் பிழையானது. சிற்றுரு முழுவதும் நினைவினால் ஆனது. உண்மைப் பொருளை ஒத்திருக்கிறது என்பதொன்றே அதன் பெருமை. ஒத்திருப்பதற்காக அரை மில்லிமீற்றரைத் தேடுபவன், அந்த வண்டியின் உள்ளே இருந்தவர் யார், அது சென்ற வழியில் நின்றவர் யார் என்பதையும் தேட வேண்டியவனே. அத்தேடலுக்கு வீட்டிலுள்ள பெரியவர் உடன்படுகிறாரா என்று கேட்டபின் பெட்டியைத் திறப்பது ஒழுங்கு. உடன்படாவிடின் பெட்டி அலுமாரியிற் காத்திருக்கலாம். பிளாஸ்ரிக் கெட்டுப்போவதில்லை.

அதற்கிடையிற் கட்டுவதற்கு வேறு பொருள் இல்லையா? மட்டக்களப்பின் கடலடியிலேயே ஒன்று கிடக்கிறது.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் காலை, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருமென அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் கண்ணிற் பட்டது. அரை மணிக்கும் குறைந்த பொழுதில் அது மூழ்கியது. முந்நூற்றேழு பேர் மாண்டனர். அதனுடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறுகப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அன்றே அக்கடலில் அழிந்தன. வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் நீரிற் கிடந்த நூற்றுக்கணக்கானோரை மீட்டது. ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில் ஹேர்மிஸ் இன்றும் கிடக்கிறது. சுழியோடிகள் இறங்கிப் பார்த்து வருகின்றனர்.

விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரைந்து தொடங்கிய முதற்கப்பல் அது. 1918இற் கட்டத் தொடங்கி 1924இற் சேவைக்கு வந்தது. பிந்தித் தொடங்கிய யப்பானின் ஹோஷோ 1922இலேயே முடிந்துவிட்டது. முந்தித் தொடங்கியதைப் பிந்தித் தொடங்கியவர் கடலடிக்கு அனுப்பியதும், பின்னர் அதே யப்பானின் அவோஷிமா நிறுவனம் அதனை 1/700 அளவிற் பெட்டியிலடைத்து விற்பதும் வரலாற்றின் வேடிக்கை. அந்த அளவில், 183 மீற்றர்க் கப்பல் இருபத்தாறு சென்ரிமீற்றராகும். வம்பயரைத் தமியா வெளியிட்டுள்ளது. அது பதினான்கு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். இரண்டும் நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் காட்டும் வகை, மேசையே கடலாகிவிடும்.

இங்கே தேர்வு பெட்டியோடு நிற்பதில்லை. ஹேர்மிஸ் அன்று தன் விமானங்களைத் திருகோணமலைக் கரையில் இறக்கிவிட்டுச் சென்றது. தன்னைக் காக்க ஒரு விமானமும் அதன் தளத்தில் எழவில்லை. கரையிலிருந்து அழைத்த துணையும் காலத்தில் வந்து சேரவில்லை. விமானந்தாங்கியைக் கட்டுவோர் மிக விரும்புவது அதன் தளத்தில் விமான உருக்களை வரிசையாக நிறுத்துவதுதான். ஆனால் ஏப்பிரல் 9ஐக் காட்ட விரும்புபவர் அவ்வுருக்களைச் சட்டத்திலேயே விட்டுவிட வேண்டும். வெறுந்தளம் பார்ப்போருக்குக் குறையாகத் தோன்றும். ஏன் வெறுமை என்று கேட்பர். கேட்கட்டும்.

நிலத்து வண்டிதான் வேண்டுமென்பவருக்கு இன்னொரு வழியுண்டு. வாவியைக் கடக்க இவ்வூரார் பயன்படுத்திய மிதவைக்குப் பாதை என்று பெயர். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, மனிதரும் சைக்கிளும் மோட்டார் வண்டியும் பாதையில் ஏறியே அக்கரை சேர்ந்தனர். அதற்குப் பெட்டி எந்நாட்டிலும் விற்பதில்லை. மெல்லிய பலகையும் ஈர்க்கும் கொண்டு கட்டுவோனே செய்துகொள்ள வேண்டும். அதன் மேல் ஏற்றுவதற்கு 1/76 அளவிலுள்ள ஜீப்பு ஒன்று போதும். நாலரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. 1/72ஐ விட்டு 1/76ஐத் தேர்வதற்கு இவ்விடத்தில் நல்ல காரணம் கிடைக்கிறது. 1/72இல் விற்கும் மனித உருக்களிற் பெரும்பாலானவை துப்பாக்கி ஏந்தியவை. 1/76 இரயில் அளவாதலால், அதற்கென நிலையத்திற் காத்திருக்கும் பெண்களும், பெட்டி சுமப்போரும், பிள்ளையைக் கையிற் பிடித்த தகப்பனும் கிடைப்பர். அனைவரும் ஆங்கில உடையினர். மெழுகுப் பசையைச் சிறிது தடவி, காற்சட்டையைச் சாரமாகவும் பாவாடையைச் சேலையாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் உயரமுள்ள உருவுக்குக் கொசுவம் வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது செல்லும்.