பழைய பாரந்தூக்கிகள்



செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் உயரத்தைக் கண்டு வியக்கிறார்கள். கல்யாண மகாலின் அடுக்குகளைக் கண்டு மகிழ்கிறார்கள். அருகில் நிற்கும் களஞ்சியங்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக நிற்கும் அக்கட்டடங்களில் கண்ணைக் கவரும் அழகு ஒன்றும் இல்லைதான். ஆனால் 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையைச் சூழ்ந்து கிடந்த காலத்தில் உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போட்டது கல்யாண மகாலா, களஞ்சியமா என்று எண்ணிப் பாருங்கள். தொல்லியல் துறையினர் இரண்டையும் ஒருசேரக் காத்து வருகிறார்கள். 2025-ஆம் ஆண்டில் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றபோது, மகாலோடு களஞ்சியமும் அப்பெருமையைப் பெற்றது.

இருப்புப்பாதைக்கும் ஒரு மகாலும் ஒரு களஞ்சியமும் உண்டு. எஞ்சினே மகால். 1855-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘ஃபேரி குயின்’ என்னும் நீராவி எஞ்சினைப் புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் கண்ணெனப் போற்றியது. 1909-இல் ஓய்வு பெற்ற அந்த எஞ்சின், நம் பெரம்பூர்ப் பணிமனையாரின் கைவண்ணத்தால் 1997-இல் மீண்டும் ஓடியது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அத்தகைய எஞ்சின்கள் தடம் புரண்டு விழுந்த நாளில் அவற்றைத் தூக்கி நிறுத்திய யந்திரம் ஒன்று இருந்ததே, அதை யார் நினைக்கிறார்கள்? அதுதான் பாரந்தூக்கி. கிரேன் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

செஞ்சியில் புகைவண்டி நிலையமே கிடையாதே, இந்த வாத்தியாருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் ஊரார் ரயிலேறத் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போக வேண்டும் என்பது உண்மை. ஆயினும் நெம்புகோல் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் நான். அப்பாடத்துக்கு ஏற்றத்தையும் பாரந்தூக்கியையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஏற்றத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நெடிய மரம் ஒன்று நடுவே ஒரு தூணின்மீது அமர்ந்திருக்கும். ஒரு முனையில் சால் தொங்கும். மேலே நிற்பவன் மரத்தின்மீது முன்னும் பின்னுமாக நடப்பான். அவன் சாலை நோக்கி வந்தால் சால் கிணற்றில் இறங்கும். பின்னே போனால் ஏறும். ஆளின் எடையே அங்கு எதிர்ப்பாரம். பாரந்தூக்கியிலும் இதே தத்துவம்தான். முன்னே நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் கம்பி வடமும் கொக்கியும். பின்னே எதிர்ப்பாரம். நீராவிப் பாரந்தூக்கியைச் செய்தவர்கள் கொதிகலனைக் கொண்டுபோய்ப் பின்புறத்தில் நிறுத்தினார்கள். நீராவி தரும் கலனே எதிர்ப்பாரத்திலும் பங்கு கொள்கிறது. சிக்கனம் என்றால் அதுவல்லவா சிக்கனம்!

கை எவ்வளவு தூரம் நீளுகிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் ஆற்றல் குறைந்துவிடும். ‘140 டன் பாரந்தூக்கி’ என்று பெயர் இருந்தாலும், 140 டன்னை அது தன் காலடியில்தான் தூக்கும், எட்டத்தில் தூக்காது. எந்தத் தூரத்தில் எத்தனை டன் என்னும் கணக்கைப் பொறித்த தகடு ஒன்று யந்திரத்திலேயே பதிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கை மீறினால் தூக்க வந்த யந்திரமே கவிழ்ந்து, விபத்து இரண்டாகிவிடும். அதனால்தான் தூக்குவதற்கு முன் பக்கவாட்டில் இரும்புத் துலாக்களை இழுத்து, அவற்றின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். நம் பக்கத்து மீட்டர் பாதையில் இந்தக் கவனம் மிகுதியாக வேண்டியிருந்தது. அதன் அகலம் 1000 மில்லிமீட்டர்தான். அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், குறுகிய பலகையில் நின்று பெருஞ்சுமை எடுப்பவனின் நிலை அது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பாரம் தூக்கும் யந்திரம் தானே பெரும்பாரம். விபத்து நடந்த இடத்துக்குப் போகும் வழியில் பாலங்கள் அதைத் தாங்க வேண்டுமே! இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்தின் ரான்சம்ஸ் அண்டு ரேப்பியர் நிறுவனத்தைச் சேர்ந்த வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். யந்திரத்தின் முன்னும் பின்னும் கழற்றக்கூடிய துணைச் சக்கர வண்டிகளை இணைத்து, எடையைப் பல அச்சுகளுக்குப் பகிர்ந்தளித்தார். இடத்தை அடைந்ததும் அவற்றைக் கழற்றிவிடலாம். இதே ஸ்டோக்ஸ்தான் முதல் உலகப் போரில் ‘ஸ்டோக்ஸ் மார்ட்டர்’ என்னும் குண்டெறி குழாயைக் கண்டுபிடித்தவர். ஒரே மூளை மனிதரைக் கொல்லவும் கருவி செய்தது; விழுந்து கிடக்கும் வண்டியை எடுக்கவும் கருவி செய்தது. முதற்கருவியைத்தான் சரித்திரம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

ஆசிரியப் பணியின் தொடக்க நாட்களில், சந்திப்பு நிலையம் ஒன்றின் பணிமனைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே ஒரு நீராவிப் பாரந்தூக்கி நின்றது. நாங்கள் அதன் கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதிய கலாசி ஒருவர் ஓடி வந்து, “ஐயா, பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தாதீர்கள். கை இந்தப் பக்கம் சுழன்றால் வால் அந்தப் பக்கம் அடிக்கும்” என்றார். கையை எல்லாரும் பார்ப்பார்கள். வாலைப் பார்க்கிறவன்தான் தொழிலாளி என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சைகை காட்டுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்னும் சைகையை மட்டும் யாரும் காட்டலாம் என்றும் அவர் சொன்னார். இதை அவருக்கு எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை.

அபாயச் சங்கு ஊதினால் அக்குழுவினர் உண்ட சோற்றை விட்டு எழுந்து ஓடுவார்கள். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நீராவி எழப் பல மணி நேரம் ஆகுமாதலால், அவர்களுடைய ஆயத்தம் என்பது சிறு காரியமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றின் வெள்ளத்தால் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அச்செய்தியை எல்லாரும் அறிவர். ஆனால் அத்தகைய இடங்களில் சேற்றிலும் நீரிலும் நின்று, நசுங்கிய பெட்டிகளுக்குச் சங்கிலி பூட்டியவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தின்போதும் 140 டன் பாரந்தூக்கிகள் பாடுபட்டன. 51 மணி நேரத்தில் பாதையில் மீண்டும் வண்டி ஓடியது. படங்களில் யந்திரம் தெரிந்தது. சைகை காட்டியவர் தெரியவில்லை.

டீசலால் இயங்கும் புதிய பாரந்தூக்கிகள் வந்ததும் நீராவிப் பாரந்தூக்கிகளுக்கு வேலை போயிற்று. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தால் மீட்டர் பாதை யந்திரங்களுக்கு நிற்கத் தண்டவாளமும் போயிற்று. இரு முறை அநாதையான அவற்றுள் பல பழைய இரும்பாக எடைக்கு விலை போயின. எஞ்சினுக்கு நிலைய வாயிலில் மேடை கட்டுகிறோம். பாரந்தூக்கிக்குக் கட்டத் தயங்குகிறோம். அதைக் கண்டால் விபத்து நினைவுக்கு வரும் என்ற அச்சம் போலும். எனக்கு இந்தக் காரணம் சரியாகப் படவில்லை. தீயணைப்பு வண்டியைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லையே.

பேணுவதென்பது வெள்ளி வண்ணம் பூசி வெயிலில் நிறுத்துவது அன்று. அப்படிச் செய்தால் மழைநீர் மூலைகளில் தேங்கி உள்ளிருந்தே துரு அரிக்கும். பித்தளைப் பாகங்கள் களவு போகும். ‘ஃபேரி குயி’னிலேயே 2011-இல் பாகங்கள் திருடப்பட்டன, பெரம்பூரார்தாம் அதை மறுபடியும் சீர்செய்தார்கள். பழைய கொதிகலனைப் போர்த்தியிருக்கும் உறையில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அறியாதவர் அதைத் தொடலாகாது. இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் பழைய பாதைகளில் நீராவிப் பாரந்தூக்கிகள் சிலவற்றை வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். நம்மால் இயலாதா? நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்த பொன்மலைப் பணிமனை நம்மிடம் இருக்கிறது. கைத்திறனுக்குக் குறைவில்லை. எண்ணம்தான் வேண்டும்.

யந்திரத்தை வைத்துக்கொண்டு சைகைகளை இழந்துவிட்டால் பாதிதான் காத்தவர்களாவோம். உங்கள் தெருவிலோ உறவிலோ ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் இருந்தால் அவரிடம் சென்று அமருங்கள். ‘தூக்கு’ என்பதற்கு எப்படிக் கை காட்டுவார்கள், ‘மெல்ல இறக்கு’ என்பதற்கு எப்படி, எந்தக் கட்டையை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுப் படம் வரைந்துகொள்ளுங்கள். ரயில் அருங்காட்சியகம் எதற்கேனும் செல்லும்போது எஞ்சின்களோடு நின்றுவிடாமல் பாரந்தூக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், தூரத்தையும் டன்னையும் பொறித்த அந்தத் தகட்டைத் தேடுங்கள். வண்ணப்பூச்சு அதை மூடியிருக்கலாம். காப்பாளரிடம் அனுமதி கேட்டுத் துடைத்துப் பார்த்து, எண்களை வரிசை பிசகாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.