பழைய லாண்ட் றோவரும் கறளும்

லாண்ட் றோவர் வண்டி 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆகவே மேலுடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டினாற் செய்தனர். அடிச்சட்டமோ உருக்காகவே இருந்தது.

வினை இங்கேதான். மேலே தகடு கெடாதிருக்கும். கீழே, பெட்டிபோல் உட்குழிவான சட்டத்தினுள் சேறும் நீரும் தங்கி, உள்ளிருந்தே கறள் தின்னும். பின்புறக் குறுக்குச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்று; மந்தமாக ஒலித்தால் இரும்பு மெலிந்துவிட்டது. அதன்மேல் தார் பூசி விற்பது, என் கருத்தில், வெறும் ஏமாற்று. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெறிந்து, புதுத்தகடு பற்றவைத்தல் வேண்டும். அதற்குமுன் பற்றரியையும், பல வண்டிகளில் முன்னிருக்கையின் கீழிருக்கும் பெற்றோல் தாங்கியையும் கழற்றிவிடுக.

சட்டத்தையொட்டியே பிறேக் குழாயும் செல்கிறது. ஆதி வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று; குழாய் ஓரிடத்திற் கறளால் துளைபட்டால் நான்கும் ஒருங்கே கைவிடும். மலைச்சரிவில் அப்பொழுது எஞ்சுவது கியரும் கைப்பிறேக்குமே. அக்கைப்பிறேக்கும் சில்லுகளைப் பிடிப்பதன்று, பின்செல்லும் சுழல்தண்டைப் பிடிப்பது. ஆதலால் அலங்கார விளக்குகளுக்குச் செலவிடுமுன், கறள் பிடியாத செப்பு நிக்கல் குழாய்களை இடுவித்து, இயன்றால் பிறேக்கை இரட்டைச் சுற்றாகவும் மாற்றுவித்துக்கொள்ளுங்கள்.