முதியோர் நலம்: சந்தைச் சரக்கா, மக்கள் உரிமையா?



கொல்கத்தாவில் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட, தனித்து வாழும் முதியோர் பலர். இத்தகையோருக்காக 2009ஆம் ஆண்டில் கொல்கத்தா காவல்துறை, ‘தி பெங்கால்’ என்னும் தன்னார்வ அமைப்புடன் இணைந்து ‘பிரணாம்’ திட்டத்தைத் தொடங்கியது. உறுப்பினர்கள் ஆபத்து வேளையில் உதவி எண்ணை அழைக்கலாம். காவல் நிலையத்தினர் நேரில் சென்றும் நலம் விசாரிப்பர்.

இன்று தனியார் நிறுவனங்கள் காணொலி வழியே முதியோருக்கு உடல்நலப் பயிற்சி அளிக்கின்றன. மாத்திரையை நினைவூட்டுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்து வைத்தல், கால் வலுவுக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கற்பித்தல் ஆகியவை இதில் அடங்கும். இப்பயிற்சிகள் முதியோர் தவறி விழுவதைக் குறைப்பதாக மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இம்முறையைப் புறந்தள்ளுவதற்கில்லை.

எனினும், இது யாருக்குக் கிட்டுகிறது? சணல் ஆலையில் உழைத்து ஓய்ந்தவரும், தில்ஜலா, தொப்சியா குடிசைப் பகுதிகளில் வாழும் வீட்டு வேலைப் பெண்ணும் மாதக் கட்டணத்துக்கு எங்கே போவர்? முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைக் கடந்தால் 500 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக 200 ரூபாய் உயரவில்லை. விலைவாசியோ உயர்ந்துகொண்டே செல்கிறது.

அரசிடம் கருவிகள் இல்லாமலில்லை. ஒன்றிய அரசின் ‘இ-சஞ்சீவனி’ 2019இலும், மேற்கு வங்கத்தின் ‘ஸ்வாஸ்த்ய இங்கித்’ 2021இலும் தொடங்கப்பட்டன. இவை தொலைவிலுள்ள மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றுத் தருகின்றன. ஆனால், ஆலோசனைக்குப் பின் வாரந்தோறும் உடனிருந்து வழிகாட்டுவதும், திரையை இயக்கத் தெரியாதவரின் வீட்டுக்கே செல்வதும் மனிதர் செய்ய வேண்டிய பணி.

அப்பணி இயலும் என்பதற்குக் கேரளமே சான்று. 2008இல் வகுக்கப்பட்ட நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கையின்படி, அங்கு உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர் நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர்.

நாட்டின் பிற பகுதிகளிலோ இத்தகைய சுமை ‘ஆஷா’ பணியாளர் தலையில் ஏற்றப்படும். 2005இல் தொடங்கிய அத்திட்டம் அவர்களை இன்றும் தன்னார்வலர் என்றே அழைக்கிறது. அவர்களைத் தொழிலாளராக ஏற்று ஊதியம் வழங்காமல் முதியோர் பராமரிப்பையும் சுமத்துவது சுரண்டலே.

ஆகவே, தொலைவழிப் பயிற்சி பொதுச் சுகாதாரத்தின் அங்கமாக வேண்டும். மருந்து இலவசமாக வேண்டும். வீட்டுக்கு வரும் பணியாளருக்கு உரிய ஊதியம் வேண்டும். தன் வீட்டில் தன்மானத்தோடு முதுமையைக் கழிப்பது உழைத்த மனிதர் ஒவ்வொருவரின் உரிமை. அதற்கான போராட்டத்தில் முதியோரும் ஆஷா பணியாளரும் ஓரணியில் நிற்க வேண்டும்.