கடை வேற, அப்பா வேற இல்ல

இன்னைக்கு எங்க அப்பாவோட கடையைப் பத்திப் பேசப் போறேன். மதுரையில ஹார்டுவேர்ஸ் கடை.

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ். இருபது நாள் ஆஸ்பத்திரி. கடையை நான்தான் திறந்தேன். சரக்கு வந்து இறங்குது, பணம் கொடுக்கணும். பேங்க்ல பணம் இருக்கு, ஆனா கையெழுத்து அப்பாவோடது மட்டும்தான். எந்தக் கொத்தனார் எவ்வளவு பாக்கிங்கிறது பாதி நோட்டுல, மீதி அப்பா தலைக்குள்ள.

அப்போ ஆடிட்டர் சொன்னார்: “இது தனிநபர் நிறுவனம்மா. சட்டப்படி கடை வேற, அப்பா வேற இல்ல.” உயில் எழுதாம அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நான், அப்பத்தா நாலு பேருக்கும் சம பங்கு. ஆமா, அப்பத்தாவுக்கும்! நாமினி பேர் இருந்தா போதும்னு நினைச்சிருந்தேன். நாமினி பணத்தை வாங்கலாம், உரிமை வாரிசுகளுக்குத்தான்.

அப்பா வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி: “பெங்களூர்ல இருந்து பையன் எப்போ வர்றான்?” நான் காபி டம்ளரோட அங்கேயேதான் நிக்கிறேன். தம்பிக்குக் கடை வேண்டாம், அவன் சொன்னதில்ல. எனக்கு வேணும், நானும் சொன்னதில்ல. அப்பா யாரையும் கேட்டதில்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்தோம், தம்பி வீடியோ கால்ல. நான் சொல்லிட்டேன். அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், “லோடு வண்டிக்காரங்ககிட்ட உன்னால மல்லுக்கட்ட முடியுமா?”ன்னார். “இருபது நாளா அதைத்தானேப்பா பண்ணேன்”னேன்.

இப்போ அப்பாவும் நானும் பார்ட்னர்கள். கூட்டாண்மைப் பத்திரம், புது பான், புது ஜிஎஸ்டி பதிவு. பழைய பதிவுல மிச்சமிருந்த உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் போட்டு மாத்தினோம். தம்பிக்கு என்னங்கிறது உயில்ல இருக்கு. உயிலுக்கு ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்ல, ஆனா பண்ணிட்டோம்.

இதெல்லாம் சுலபம். அப்பா இன்னும் காலைல வந்து கல்லாவுல உட்கார்ந்துடறார். நான் சொன்ன விலையை கஸ்டமர் முன்னாடியே குறைக்கிறார். அதை நிறுத்த எந்தப் பத்திரமும் கிடையாது. ஆனா போன வாரம் ஒரு கொத்தனார் பழைய பாக்கியைக் கொடுக்க வந்தப்போ, “அம்மாகிட்ட கொடுங்க, கணக்கு அவங்கதான்”னார்.

உங்க வீட்லயும் கடையோ பட்டறையோ இருந்தா, இந்த ஞாயிறு கேட்டுப் பாருங்க. வேணும்னாலும் சொல்லுங்க, வேண்டாம்னாலும் சொல்லுங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு பேசற மாதிரி மட்டும் விட்டுடாதீங்க.